சோர்ந்த நாளின் அளவுக்கு ஓர் இலக்கு: மனச்சோர்வோடு வாழ்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மூன்று வாரங்களுக்குப் பிறகு தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்தத் தெம்பிலேயே நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். காலை 5 மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் நடப்பது, பாதியில் நின்ற படிப்பைத் தொடர்வது, பேசாமல் விட்ட நண்பர்கள் எல்லோரையும் அழைப்பது. மறுநாள் போர்வையை விலக்கவே 11 மணி ஆனது. பட்டியல் மேசைமேல் கிடந்தது. அதன் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இதே கதை அதன்பிறகு பலமுறை நடந்தது. எனக்குப் புரிய வெகுகாலம் ஆன விஷயம் ஒன்று உண்டு. இலக்கை எழுதுவது நல்ல வேளையில் இருக்கும் நாம். அதைச் செய்து முடிக்க வேண்டியது மோசமான வேளையில் இருக்கும் நாம். எழுதுகிறவர் செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தச் செய்ய வேண்டியவரின் பக்கம் நின்று எழுதியது.

வழக்கமான அறிவுரை ஏன் பொய்க்கிறது

இலக்கு பற்றிய ஆய்வுகளில் பெயர்பெற்றவர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும். தெளிவான, கடினமான இலக்கு வைத்தால் செயல்திறன் கூடும் என்பது அவர்கள் கண்டது. நிறுவனப் பயிற்சிகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் இதைத்தான் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அதைச் செய்யும் திறன் அந்த நபருக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவர்கள் சொன்னதில் அடக்கம். மனச்சோர்வு கைவைப்பதே அந்த இடத்தில்தான். தூக்கம் கெடுகிறது, கவனம் நிற்பதில்லை, உடம்பின் வேகமே குறைகிறது. முன்பு இதம் தந்தவை எதுவும் தருவதில்லை. போதாததற்கு, நடக்காத ஒவ்வொன்றையும் 'நான் லாயக்கில்லை' என்பதற்குச் சாட்சியாக மனம் சேர்த்து வைக்கிறது. பெரிய இலக்கு வைத்துத் தோற்றால் வீணாவது அந்த ஒரு நாள் மட்டுமல்ல. நோயின் வாதத்துக்கு நாமே இன்னொரு சாட்சியைக் கொடுத்துவிடுகிறோம்.

அதனால் மனச்சோர்வில் இலக்கு என்பது முதலில் ஒரு சிகிச்சைக் கருவி. அதன் வேலை வாழ்க்கையைப் புரட்டிப்போடுவது அல்ல, 'சொன்னதைச் செய்தேன்' என்ற அனுபவத்தைத் திரும்ப உண்டாக்குவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் அத்தனையும் விளங்கும்.

தொடங்கும் முன் ஒரு முக்கியமான விஷயம்

சோர்வோ, எதிலும் பற்றின்மையோ பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான நேரமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்களும் இதே மாதிரியான சோர்வைத் தரும். ஒரு இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். இடையிடையே தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கி, எண்ணங்கள் ஓடி, பெரிய பெரிய திட்டங்கள் தோன்றும் நாட்கள் உங்களுக்கு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கான சிகிச்சை வேறு.

சாக வேண்டும், என்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி காத்திருக்கட்டும். இன்றைய ஒரே இலக்கு, அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. வீட்டில் ஒருவர், மருத்துவர், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண், அருகிலிருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு, யாராக இருந்தாலும் சரி. சொல்ல வார்த்தை வராவிட்டால் இந்தப் பத்தியைக் காட்டினாலும் போதும்.

மாத்திரை தொடங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டத் தொடங்கவே பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப்பலன் தெரிய அதற்கும் மேல். அந்த இடைவெளியில் 'மாத்திரை போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே' என்று இலக்கைக் கூட்டவும் வேண்டாம், மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள்

மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய, எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் அறிவாற்றல் சிகிச்சையில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு பழக்கம் இது. நாளை மணி மணியாகப் பிரித்து, என்ன செய்தோம் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இரண்டு மதிப்பெண் போடுவது. ஒன்று, அதைச் செய்ததில் 'முடித்தேன்' என்ற உணர்வு எவ்வளவு. இன்னொன்று, அதில் இதம் எவ்வளவு. பூஜ்யம் முதல் 10 வரை.

மணிக்கொரு தரம் எழுதுவது எனக்கு முடியவில்லை. மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என மூன்று தடவை எழுதினேன். அதுவே போதும். 'படுத்திருந்தேன்' என்றாலும் எழுதுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு வாரம் கழித்து அதைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் தெரியும். முதலாவது, உங்கள் நாளில் எந்த வேளை கொஞ்சம் இளகியிருக்கிறது என்பது. மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைதான் கொடுமை. பொழுது சாயச் சாய லேசாகும். எனக்கும் அப்படித்தான். நான் வருடக்கணக்காக எல்லா நல்ல காரியங்களையும் காலையில் வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகே உறைத்தது. இரண்டாவது, 'நாள் முழுக்க ஒன்றுமே செய்யவில்லை' என்று மனம் சொல்வது பெரும்பாலும் உண்மையில்லை என்பது. துணி மடித்திருப்பீர்கள். ஒருவருக்குப் பதில் அனுப்பியிருப்பீர்கள். நோட்டில் எழுதியிருந்தால் மனத்தால் அதை மறுக்க முடியாது.

இரண்டாம் படி: 'கூடாது' என்பதைச் 'செய்வேன்' ஆக்குங்கள்

மனச்சோர்வில் இருப்பவர்களிடம் இலக்கைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு வகைப் பதில் வரும். 'நல்லபடியா ஆகணும்', 'பழைய மாதிரி இருக்கணும்' என்பது ஒன்று. 'படுத்தே கிடக்கக் கூடாது', 'அழக் கூடாது', 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது' என்பது மற்றொன்று. இது சோம்பலால் வருவதில்லை. நினைவுகளும் எதிர்காலமும் பொத்தாம்பொதுவாகத் தெரிவது மனச்சோர்வின் இயல்புகளில் ஒன்று. ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

'பழைய மாதிரி' என்பதை எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் செய்வீர்கள்? 'அழக் கூடாது' என்பதை முடித்துவிட்டேன் என்று எப்போது டிக் அடிப்பீர்கள்? உணர்ச்சி நம் சொல்பேச்சுக் கேட்காது. கையும் காலும் ஓரளவு கேட்கும். ஆகவே இலக்கு எப்போதும் கையோ காலோ வாயோ செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். 'யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்பதற்குப் பின்னால் உண்மையில் ஒரு ஆசை இருக்கிறது: வீட்டில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது. அதிலிருந்து 'இரவில் நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவுவேன்' என்று ஓர் இலக்கு பிறக்கும். எந்த ஆசை என்று தேட நேரமெடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சொன்னதால் வைத்த இலக்கு முதல் மோசமான நாளிலேயே உதிர்ந்துவிடும்.

ஒரே சமயத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உடம்புக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று என்று அகலக்கால் வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: வெட்டுங்கள், இன்னும் வெட்டுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மனத்தில் தோன்றும் அளவைப் பாதியாக்குங்கள். அதை மறுபடி பாதியாக்குங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: 'போன வாரத்தின் ஆக மோசமான நாளில் இதைச் செய்திருப்பேனா?' தயக்கம் வந்தால் இன்னும் வெட்டுங்கள். நான் பூஜ்யம் முதல் 10 வரை நம்பிக்கை மதிப்பெண் போட்டுப் பார்ப்பேன். 8-க்குக் கீழே இருந்தால் அந்த இலக்கு பெரிது. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். இங்கே விரல் என்பது அந்த மோசமான நாளின் விரல்.

குளிப்பதையே எடுத்துக்கொள்வோம். உடம்பு சுகமாக இருக்கும்போது அது ஒரே வேலை. மனச்சோர்வில் அது எட்டுப் பத்து வேலை: எழுந்து உட்காருவது, துண்டு தேடுவது, மாற்றுடை எடுப்பது, குளியலறை வரை போவது, உடை களைவது, தண்ணீர் ஊற்றுவது, சோப்பு, தலை, துவட்டுவது, மறுபடி உடுத்துவது. 'குளிக்கக்கூட முடியவில்லையே' என்று வெட்கப்படுகிறவர்கள் அந்தக் 'கூட' என்ற சொல்லை எடுத்துவிடலாம். அதற்குள் இத்தனை இருக்கிறது. ஆக இலக்கு இப்படி ஆகலாம்: துண்டையும் மாற்றுடையையும் எடுத்து நாற்காலியில் வைப்பேன். அவ்வளவுதான். அதோடு நிறுத்தலாம். மறுநாள் முகமும் கைகாலும் கழுவுவது. பெரிய வேலைகளும் இப்படித்தான். வேலைக்கு விண்ணப்பிப்பதென்றால் 'விண்ணப்பக் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடம் பார்ப்பேன்'. மருத்துவரிடம் நேரம் வாங்குவதென்றால் இன்று எண்ணைத் தேடித் தாளில் எழுதுவது, நாளை அழைப்பது.

நேரக் கணக்கில் வைக்கும் இலக்கு பல சமயம் நன்றாக வேலை செய்யும். 'அறையைச் சுத்தம் செய்வேன்' என்பதைவிட 'ஐந்து நிமிடம் அறையை ஒழுங்குபடுத்துவேன்' மேல். இதில் ஒரு நேர்மை தேவை. ஐந்து நிமிடம் ஆனதும் நிறுத்த உண்மையாகவே அனுமதி இருக்க வேண்டும். 'ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்தால் முழுசாக முடித்துவிடுவேன்' என்ற உள்நோக்கம் இருந்தால் மனம் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும். மூன்றாம் நாள் ஐந்து நிமிடத்துக்கும் வராது. சில நாட்கள் வேண்டுமென்றே ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு அதே இலக்குக்கு மூன்று அளவு எழுதி வையுங்கள். நடப்பது என் இலக்காக இருந்தபோது என் தாளில் இருந்தது இது. மோசமான நாள்: செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை. சுமாரான நாள்: தெருமுனை வரை. நல்ல நாள்: 20 நிமிடம், அதற்கு மேல் கிடையாது. மூன்றில் எதைச் செய்தாலும் டிக் ஒன்றுதான், பெரிய டிக் சின்ன டிக் கிடையாது.

அந்த 'அதற்கு மேல் கிடையாது' மிக முக்கியம். தரை போலவே கூரையும் வேண்டும். நல்ல நாள் வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கும் வெறி எழும். ஒரு நாள் முழுக்க ஓடி, அடுத்த மூன்று நாள் விழுந்து கிடப்பதை நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். நல்ல நாளில் மிச்சமிருக்கும் சக்தியை ஓய்வுக்கும் இதமான ஒன்றுக்கும் கொடுங்கள்.

நான்காம் படி: எப்போது, எதற்குப் பிறகு

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியது எளிமையானது. 'இதைச் செய்வேன்' என்று மட்டும் நினைப்பதைவிட 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முடிவு செய்துவைப்பவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம். மனச்சோர்வில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு, ஏனென்றால் முடிவெடுப்பதே நமக்குப் பெருஞ்சுமை. 'பல் துலக்கியதும் ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் வெளிச்சத்தில் நிற்பேன்.' முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, காலையில் யோசிக்க ஒன்றுமில்லை.

தேவையான பொருளை இளகிய வேளையில் எடுத்துவையுங்கள். செருப்பு கதவருகே, மாத்திரை தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், நோட்டும் பேனாவும் தலையணை அருகே. மாலையில் இருக்கும் நீங்கள் காலையில் இருக்கப்போகும் உங்களுக்குச் செய்யும் உபகாரம் அது.

ஐந்தாம் படி: விருப்பம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

'தோணும்போது செய்யலாம்' என்பது மற்றவர்களுக்குச் சரி. மனச்சோர்வில் அந்தத் 'தோணுவது' என்பதே பழுதாகியிருக்கிறது. 1970-களில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இதை ஒரு சுழலாக விளக்கினார்: இதம் தரும் அனுபவங்கள் குறைகின்றன, அதனால் மனம் சோர்கிறது, சோர்வதால் செயல் குறைகிறது, செயல் குறைவதால் இதம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை அறுக்க எளிதான இடம் செயல். இதை மையமாக வைத்த சிகிச்சைதான் நடத்தைத் தூண்டல்.

1996-ல் நீல் ஜேக்கப்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அறிவாற்றல் சிகிச்சையில் எண்ணங்களை மாற்றும் பகுதியை விட்டுவிட்டு இந்தச் செயல் பகுதியை மட்டும் கொடுத்தபோதும் முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிடைத்தது. 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு 440 பேரை வைத்து நடந்தது. உளவியல் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெறாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த நடத்தைத் தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது.

'எழுந்து நாலு வேலை பார், சரியாகிவிடும்' என்று அதட்டுபவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆய்வுகளில் செயல்கள் அவரவர் நிலைக்கேற்ப அளந்து, சிறுகச் சிறுக, பக்கத்தில் ஒருவர் துணையோடு வைக்கப்பட்டன. அதட்டல் அதில் எங்கும் இல்லை.

செய்த பிறகும் ஒன்றும் தோன்றாமல் போகலாம். முதல் சில வாரங்கள் இதத்துக்கான மதிப்பெண் பூஜ்யமாகவே இருக்கலாம். அதையும் அப்படியே எழுதுங்கள். எனக்கு 'முடித்தேன்' என்ற உணர்வுதான் முதலில் திரும்பியது. ஒரு பாட்டைக் கேட்டு உள்ளுக்குள் ஏதோ அசைந்தது பல வாரங்கள் கழித்துத்தான்.

ஆறாம் படி: நடக்காத நாளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு

நடக்காத நாள் வரும். கட்டாயம் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை இன்றே எழுதிவைத்தால்தான் அன்று உதவும். என் விதிகள் சில. விட்டதை மறுநாள் கணக்கில் சேர்ப்பதில்லை, நாளைக்கு நாளையின் பங்கு மட்டும். அளவை உடனே மிகச் சிறியதற்கு இறக்குவேன். 'ஏன் செய்யவில்லை' என்று என்னைக் கேட்க மாட்டேன். 'அளவு பெரிதா, நேரம் தவறா, நோய் கூடியிருக்கிறதா' என்று மட்டும் கேட்பேன். இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. 'ஏன் செய்யவில்லை' என்பதற்கோ என் மனம் எப்போதும் ஒரே வசவைத்தான் பதிலாகத் தரும்.

2010-ல் பிலிப்பா லாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பித் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஏழாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள், எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்

உதவ நினைப்பவர்களுக்கும் வழி தெரிவதில்லை. என் அக்கா தினமும் மாலையில் அழைத்து, "இன்னிக்கு நடந்தியா இல்லையா?" என்று கேட்பாள். அன்போடுதான் கேட்டாள். எனக்கோ போன் அடித்தாலே வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, "அக்கா, செஞ்சியான்னு கேக்காத. எப்படி இருக்கேன்னு கேளு. முடிஞ்சா நான் நடக்கறப்ப போன்ல கூட இரு, பேசக்கூட வேணாம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். மறுநாளிலிருந்து தெருமுனை வரை அக்கா காதில் இருந்தாள். மறுமுனையில் அவள் வீட்டுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் வேண்டாம், துணை வேண்டும். இந்த வேறுபாட்டை அவர்களே ஊகிக்கட்டும் என்று விடாமல் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: எப்போது கூட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது

இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில் ஏதோ ஓர் அளவில் டிக் விழுந்திருந்தால் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றை மட்டும், சிறிதளவு. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால் பழையதைக் கூட்ட வேண்டாம்.

படிப்பை முடிப்பது, வேலை மாறுவது போன்ற பெரிய கனவுகளைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. தனித்தாளில் எழுதி, மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, உறையில் போட்டு வையுங்கள். அதுவரை அவை இலக்கு அல்ல, காத்திருப்பவை. வேலையை விடுவது, உறவை முறிப்பது, சொத்தை விற்பது போன்ற திரும்பப்பெற முடியாத முடிவுகளைச் சோர்வின் அடியாழத்தில் எடுக்காதீர்கள். தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். வன்முறையிலிருந்து தப்புவது போன்ற பாதுகாப்பு விஷயங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே காத்திருக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை, நோட்டைப் பாருங்கள்

உங்கள் இளகிய வேளையில் பத்து நிமிடம் போதும். எத்தனை டிக் என்று எண்ணுவதைவிட, மோசமான நாளின் அளவைத் தொடர்ந்து எத்தனை நாள் தேர்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வாசல் வரை நடப்பதே பத்து நாளாகத் தொடர்ந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது உங்கள் மன உறுதியைப் பற்றிய செய்தி இல்லை. சிகிச்சையை மறுபடி பார்க்க வேண்டும் என்ற செய்தி.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். அவர் மனச்சோர்வின் அளவை அறிய பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைக் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி அது கேட்கும்போது பதில் உங்கள் மடியிலேயே இருக்கும். ஒருமுறை எனக்கு அந்த அறையில் உட்கார்ந்ததும் பேச்சே எழவில்லை. நோட்டை விரித்து மேசைமேல் தள்ளினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்துவிட்டு, "காலை எல்லாம் காலியா இருக்கே, இதப் பத்தி முதல்ல பேசுவமா?" என்றார். அங்கிருந்து பேச்சு தொடங்கியது.